மூட்டையோடு நடந்தவர்

கனகராஜ் அண்ணாச்சி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட பிறகுதான் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை அழைத்தார்கள். அபிராமபுரத்தில் வீடு, தி. நகரில் துணிக்கடை. இளவயதில் தென்காசிப் பக்கமிருந்து வந்து, புடவை மூட்டைகளைத் தோளில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோய்ப் பிழைத்தவர். கடை சொந்தமானதும் கல்லாவில் உட்கார்ந்தார். வேலை நின்றது, மூட்டை தூக்கிய காலத்துச் சாப்பாடு நிற்கவில்லை. உடம்பு பெருத்தது, முழங்கால் இரண்டும் தேய்ந்தன.

மூட்டு மாற்றலாம், எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்றார் டாக்டர். தீபாவளிக்குக் கடையில் நின்று தன் கையால் புடவை விரித்துக் காட்ட வேண்டும் என்பது அண்ணாச்சியின் ஆசை. அதற்காக உண்மையாகவே பாடுபட்டார். இரவில் சோற்றை விட்டார். காலையில் மயிலாப்பூர்க் குளம்வரை நின்று நின்று நடந்து, மாட வீதியைச் சுற்றித் திரும்பினார். கடையைப் பார்த்துக்கொள்ளும் மகன் ராகேஷ் ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டான். நடையில் எத்தனை கலோரி எரிந்தது என்று அது காட்டும். அப்பாவின் புது எடையை அவ்வப்போது அதில் பதிந்தும் வைத்தான்.

எடை இறங்கியது. கூடவே வாட்ச் காட்டிய எண்ணும் இறங்கியது. அதே வீதி, அதே வேகம்; கலோரி மட்டும் குறைவு. இதில் கோளாறு எதுவும் இல்லை. கனத்த உடம்பைச் சுமந்து நடக்க அதிகம் எரியும். இளைத்த உடம்புக்குக் குறைவே போதும். ஆனால் அண்ணாச்சி வியாபாரி. எண் இறங்கினால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்.

"என்னட்டி இது, யாவாரம் படுத்த மாரி கொறஞ்சிக்கிட்டே போவுது?" என்று மனைவி ஜெயபாரதியிடம் புலம்பினாராம்.

"ராகேஷ்ட்ட கேளுங்களேன்."

"கேட்டா அவன் வேற வாட்ச்சு வாங்கிட்டு வருவான். கொறை என் நடையிலல்லா இருக்கு!"

தனக்குத் தெரிந்த வழிக்குப் போனார். புடவைகளை மூட்டையாகக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். நெஞ்சு வேகமாக அடித்தது; வாட்ச்சில் எண் ஏறியது. அவருக்குச் சந்தோஷம். மாட வீதி ஆட்டோக்காரர்களுக்கும்தான்.

"இன்னா நைனா, வாக்கிங்கா, டெலிவரியா?"

"ரெண்டுந்தாம்டே. ஒம் பொண்டாட்டிக்கு ஒரு சேலை எடுத்துக்கிடுதியா?"

பட்டினி கிடந்து இறக்கிய பாரத்தை மறுபடி அதே முழங்காலில் ஏற்றுகிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு காலை வலது கால் மடங்கி, மூட்டையோடு விழுந்தார். டாக்டர் சொன்ன எடைக்கு அப்போது கொஞ்சம்தான் பாக்கி.

படுத்த உடம்பில் எரிவது இன்னும் குறைவு. இறக்கியதில் பாதி திரும்பிவிட்டது. மூட்டு மாற்றும் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை.

தீபாவளி நெருங்கிய ஒரு நாள், உடம்பு துடைத்துவிடும்போது கேட்டார்.

"யக்கா, அந்த வாட்ச்சு ஏன் கொறச்சுக் காட்டுச்சு?"

"நீங்க எளைச்சதுனாலதான், அண்ணாச்சி."

"அப்போ நல்லதுக்குத்தானா?"

"ஆமா. இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருந்தா போதும். வெறுங்கையோட."

"கல்லாவுல இருந்து இருந்து, கொறஞ்சா நட்டம்னே புத்தி போயிட்டு."

தேற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. வலது காலைத் தூக்கச் சொன்னேன். இப்போதைக்கு அவருடைய உடற்பயிற்சி அதுதான். அப்போது ஜெயபாரதி போனோடு உள்ளே வந்தார்.

"கடையில நிக்க எடமில்லையாம். ராகேஷ் சொல்லுதான்."

"சேலைய யாரு விரிச்சுக் காட்டுதா?" என்று கேட்டார் அண்ணாச்சி. கால் மெத்தையை விட்டு எழும்பவில்லை.