கருவாடு மணந்த நன்றிக் கடிதம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் குமாஸ்தா வேலை இண்டர்வியூவுக்குப் போயிருந்தேன். வெள்ளைப் பனியன்களை எண்ணிப் பெட்டியில் அடுக்குவதும் அந்த வேலையில் சேர்த்தி. முதலாளிக்கு என்னைப் பிடித்துவிட்டது. "ரெண்டு நாள்ல வாங்க தம்பி, சொல்றனுங்க" என்றார்.

படித்த திமிர் சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுக்கொண்டே அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினேன். உறையை ஒட்டப் பசை இல்லை. தட்டிலிருந்த சோற்றுப் பருக்கைகளை நசுக்கி ஒட்டித் தபாலில் போட்டேன். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு.

சொன்ன நாளில் போனேன். முதலாளி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கத்தரிக்கோல் முனையால் உறையை என் பக்கம் தள்ளினார். எண்ணெய் படர்ந்து எறும்பு மொய்த்திருந்தது.

"கடுதாசி நல்லாத்தானுங்க இருக்குது. எங்க ஊட்டுப் பூனைகூட விடாமப் படிச்சுதுங்க."

"அவசரத்துல ஒட்டிட்டனுங்க..."

"இந்தக் கையில பனியனைத் தொட்டீங்கன்னா, வாங்கறவன் அதைப் போட்டுக்கறதா, சோத்துல பெசஞ்சுக்கறதா? போயிட்டு வாங்க."

வெளியே வந்து கடிதத்தை மோந்தேன். குமட்டியது. நானே முதலாளியாக இருந்தாலும் என்னை வேலைக்கு வைத்திருக்க மாட்டேன்.

இப்போதெல்லாம் இண்டர்வியூ முடிந்ததும் எழுந்து நின்று கைகூப்பி, வாயாலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். கூப்புவதற்கு முன் கையை ஒருமுறை மோந்து பார்த்துக்கொள்கிறேன்.