‘ஆ’ என்று குறித்த படம்

அந்தப் படத்தில் இருந்தது யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அதை அவளுடைய அப்பாவின் கையில் கொடுத்தேன்.

‘கவனிக்கவில்லை’ என்று இத்தனை வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறேன். கேட்டவர்களிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். கவனித்தேன்! உங்களிடமாவது அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் சொல்ல வாய் வருகிறது... அதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது, பாருங்கள்.

எல்லாம் ஒரு லென்ஸால் வந்த வினை என்று எழுதத்தான் கை போகிறது. லென்ஸ் என்ன செய்யும்? என்னால் வந்தது.

எண்பதுகளின் பிற்பகுதி. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. குடியிருப்பு அதன் குவார்ட்டர்ஸில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே கறிக்கடை வரிசையில் நிற்கும்போது நான் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு சைக்கிளில் அயனம்பாக்கம் ஏரிக்குப் போவேன். கொக்கு, நாரை, மீன்கொத்தி... இதுதான் என் பைத்தியம்.

என்னிடம் ஒரு பழைய டெலி ஜூம் லென்ஸ் இருந்தது. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும். ஆனால் உள்ளே பூஞ்சை படர்ந்துவிட்டதால் எதை எடுத்தாலும் மார்கழிப் பனியில் எடுத்த மாதிரி விழும். கொக்கு வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். எனக்கோ அதன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கொக்கின் கண்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். என் மனைவியும் சிரித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் திருமுல்லைவாயிலில் ஒருவர், சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த புது டெலி ஜூமை விற்கப்போகிறார் என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். கண்ணாடியா அது! தண்ணீர் மாதிரி இருந்தது. “ஞாயித்துக்கெழம பூரா வச்சிருந்து பாருங்க சார். புதன்கெழமக்குள்ள பதில் சொன்னா போதும்” என்று நம்பிக் கையில் கொடுத்தார்.

வாங்குவதா, இருப்பதைக் கொண்டே ஓட்டுவதா? யோசித்து யோசித்துச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மனைவிதான், “உங்க செக்‌ஷன்ல பாஸ் பண்ணட்டும். அப்புறம் வாங்குங்க” என்றாள்.

அதை உங்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் செக்‌ஷனின் வேலையே தரச் சோதனை. வேறு பிரிவுகளில் செய்து வரும் உதிரி பாகங்களை அளந்து, ‘பாஸ்’ என்றோ ‘ரிஜெக்ட்’ என்றோ சொல்ல வேண்டும். அந்தப் புத்தி வீட்டுச் சாமான்களிலும் தொற்றிக்கொண்டது. யார் எதை வாங்குவதானாலும், கைக்கடிகாரமோ, சட்டைத்துணியோ, மதியச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தாக வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்வதென்றால் எது எங்கே வாங்கியது என்று சொல்லக் கூடாது. அ, ஆ என்று பென்சிலால் குறித்து நடுவில் வைத்துவிட வேண்டும். எல்லோரும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கடைசி வார்த்தை மட்டும் சண்முகவேல் அண்ணாச்சியுடையது.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். எனக்கு மூத்தவர், அடுத்த பிளாக்கில் குடியிருப்பவர். அவர் சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி இருக்கும். மயிரிழைக் கீறலும் அதற்குத் தப்பாது. அவருடைய ஒரே மகள் கோமதி. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்தவனே நான்தான்.

சரி... அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ஏரி குறுகுகிற ஒரு மூலையில் கேமராவை முக்காலியில் நிறுத்தினேன். ஒரே காட்சியை முதலில் பழைய லென்ஸில், பிறகு புதியதில் எடுக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும். கொக்கை எடுத்தேன்; லென்ஸ் மாற்றுவதற்குள் பறந்துவிட்டது. எதிர்க்கரையில் மோட்டார் கொட்டகையின் அறிவிப்புப் பலகையை இரண்டிலும் எடுத்தேன். புதியதில் எழுத்தெல்லாம் அழகாகத் தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கொட்டகைக்குச் சற்றுத் தள்ளி, மதகுக் கட்டையின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண். மறுபடி மாட்டிய பழைய லென்ஸில் அவ்வளவுதான் தெரிந்தது. ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு புது லென்ஸைப் பொருத்தினேன்.

நெகட்டிவைக் கழுவிப் பிரிண்ட் போட்டபோதுதான் அவள் கோமதி என்று தெரிந்தது... பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்ட கதை இது. பாதி ஒப்புக்கொண்டால் போதும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. இல்லை! கேமராவில் கண்ணை வைத்தபோதே தெரிந்தது. வளையத்தைத் திருகத் திருக அவள் முகம் திரண்டு வந்து என் எதிரே நின்றது. பக்கத்தில் சுருட்டை முடியோடு ஒரு பையன். அவன் ஏதோ சொல்ல, அவள் தாவணி முனையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மாமா என்று கூப்பிடும் பெண்ணை ஒளிந்து நின்று பார்க்கிறோமே என்று வெட்கப்பட்டு நகர்ந்திருக்க வேண்டாமா? என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? ‘தாவணியின் கட்டம்கூட எண்ணலாம் போலிருக்கிறதே!’ என்பதுதான். விரல் தானாக அழுத்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான்தான் அழுத்தினேன்.

அன்று மதியமே குளியலறை ஜன்னலைப் போர்வையால் மூடிப் பிரிண்ட் போட்டேன். அறிவிப்புப் பலகைப் படங்களிலும் வித்தியாசம் தெரியத்தான் செய்தது. சோதனைக்கு அதுவே போதும். ஆனால் பலகையைப் பார்த்து யார் வாய் பிளப்பார்கள்? மதகுப் படங்களை அருகருகே வைத்தபோதுதான் அது பளிச்சென்று தெரிந்தது. ஒன்றில் இரண்டு நிழல்கள். இன்னொன்றில் இரண்டு மனிதர்கள்.

அந்தப் படங்களை மனைவிக்குக் காட்டவில்லை. வழக்கமாகக் கொடிக்கயிற்றில் காயவைப்பவன், அன்று குளியலறைக்குள்ளேயே காயவைத்தேன். ஏன்? அவள் பார்த்தால் ‘இது கோமதியாச்சே’ என்பாள். எனக்குத் தெரியவில்லை என்றால் எதற்காக ஒளித்தேன்? சொல்லுங்கள்!

அண்ணாச்சி பார்ப்பாரே என்ற பயம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். எங்களைப் போன்றவர்கள் கோடுகளைத்தான் பார்ப்போம். எதிரே இருப்பது பீரங்கியின் பாகமா, பால் குக்கரின் மூடியா என்பது எங்களுக்கு முக்கியமில்லை. விளிம்பு சரியா, கீறல் உண்டா, அதுதான் கேள்வி. அண்ணாச்சி படத்தின் ஓரங்களைப் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார் என்று மனசார நம்பினேன். நானும் அப்படித்தானே பார்த்தேன்? தாவணியின் கட்டத்தைத்தானே பார்த்தேன்?

தகப்பன் என்று ஒருவன் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பான் என்பதை வசதியாக மறந்துபோனேன்.

திங்கட்கிழமை மதியம். டிபன் பாக்ஸ்களைத் தள்ளி இடம் பண்ணி இரண்டு படங்களையும் வைத்தேன். பின்பக்கம் பென்சிலில் அ, ஆ.

“இன்னா நைனா, லென்ஸு பாஸ் ஆவணுமா?” என்று முதலில் இழுத்தவன் தேவராஜ், கள்ளிக்குப்பத்துக்காரன். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ‘ஆ’வைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. என்னை நிமிர்ந்து பார்த்தான். “போதும்பா... உள்ள வை. வேற எதுனாச்சும் படம் இருந்தா குடு” என்றான், சன்னமான குரலில்.

பலகைப் படமும் என் பைக்குள்தான் இருந்தது. எடுக்கவில்லை.

அதற்குள் அண்ணாச்சி கையை நீட்டிவிட்டார். முதலில் ‘அ’. பூதக்கண்ணாடியை வைத்தார். “கலங்கிக் கெடக்கு. முழுசும் மூட்டமா இருக்கே” என்று ஒதுக்கினார். பிறகு ‘ஆ’. இடது மேல் மூலையில் ஆரம்பித்தார். கண்ணாடி மெதுவாக நடுவுக்கு வந்தது. நின்றது.

எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கண்ணாடி நகர்ந்தது. வலது மேல் மூலை, வலது கீழ் மூலை, இடது கீழ் மூலை... நான்கு மூலைகளையும் முறையாகப் பார்த்து முடித்தார்! எந்த வேலையையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

“ஆ-தான் சுத்தம். வாங்கிரும்” என்றார்.

படத்தை என்னிடமே கொடுத்தார். திறக்காத டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், சாப்பாட்டை அப்படியே கொட்டிவிட்டுக் கழுவினார்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? அன்று சாயந்திரமே திருமுல்லைவாயிலுக்குப் போய் லென்ஸை வாங்கினேன். செக்‌ஷனில் பாஸ் ஆகிவிட்டதே!

அதற்குப் பிறகு கோமதி டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகவில்லை. வாசலில் கோலம் போட அவள் அம்மாதான் வந்தாள். தை பிறந்ததும் ஊரில் வைத்து, சொந்தத்தில் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸில் யாருக்கும் பத்திரிகை இல்லை. அந்தப் பையனைப் பற்றித் தேவராஜ் ஒரே ஒருமுறை சொன்னான். “எங்க பேட்டப் பையன்தான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல லேத் மிஷின் ஓட்டிகினு இருந்தான். அண்ணாச்சி ஆளுங்க வந்து அவன் நைனாகிட்ட சத்தம் போட்டுட்டுப் போனாங்க. பம்பாய்க்குப் பூட்டான். இப்போ எங்க கீறான்னு அவன் ஊட்டுக்கே தெரியாது.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனான்.

அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போல வணக்கம் சொன்னார். ஆனால் அதன் பிறகு யார் எதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாலும், “எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லவே” என்று ஒதுங்கிவிட்டார். வேலையில் மட்டும் அதே கண்ணாடி, அதே கறார்.

கொக்கின் கண்ணை எடுத்தேனா? கலர் ஃபிலிம் போட்டே எடுத்தேன். மஞ்சளாக, அழகாகத்தான் இருந்தது. சட்டம் போட்டு மாட்டி, மறு வாரமே கழற்றிவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட, ஆசையில் அறிவிழந்தவன் என்று என்னை நானே மன்னித்திருப்பேனோ என்னவோ. முடியவில்லை.

ஏழெட்டு வருடங்கள் கழித்து அண்ணாச்சி ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய உதவிக்குக் கோமதி வந்திருந்தாள். ஒரு மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். கோமதி இளைத்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நல்லா இருக்கியாம்மா?”

“இருக்கேன் மாமா.” கொஞ்ச நேரம் கதவுத் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தாள். “ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா? அந்தப் படம்... தெரிஞ்சுதான் எடுத்தீங்களா?”

என் நாக்கு எவ்வளவு வேகமாகப் புரண்டது என்கிறீர்கள்! “சத்தியமா இல்லம்மா. லென்ஸ் சோதனைக்கு எடுத்தேன். யாருன்னே கவனிக்கல.”

அவள் தலையாட்டினாள். பிறகு மிகவும் மெதுவாக, “அது இன்னும் இருக்கா மாமா? இருந்தா எனக்குக் குடுங்க. அவர் படம் வேற எங்கிட்ட இல்ல. முகம்... முகம் மறந்து போச்சு மாமா. கண்ண மூடி மூடிப் பாக்குறேன், வரமாட்டேங்குது” என்றாள்.

உள்ளே போனேன். அலமாரியின் அடியில் ஒரே உறையில் இரண்டு படங்களும் இருந்தன. ‘ஆ’வைத்தான் முதலில் எடுத்தேன், இதை நம்புங்கள். ஆனால் அதைக் கையில் வைத்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இந்தப் படத்தைப் பார்க்கிற யாரும், எடுத்தவன் கவனிக்கவில்லை என்பதை நம்ப மாட்டார்கள். குருடன்கூடக் கவனித்திருப்பான்! ஒரு நிமிடத்துக்கு முன் செய்த சத்தியம் இன்னும் வாசலில் ஈரமாகக் கிடந்தது.

‘ஆ’வை உறைக்குள் வைத்தேன். ‘அ’வை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

அவள் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்கு அருகில் கொண்டு வந்தாள். தள்ளிப் பிடித்தாள். “இதுல முகமே தெரியலையே மாமா...”

“அந்த லென்ஸ் அவ்வளவுதாம்மா.”

நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். “இத வச்சா அப்பா கண்டுபிடிச்சாரு! அவர் கண்ணு அப்படி. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும், பாவம். இத்தன வருஷமா உங்களத் தப்பா நெனச்சு மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன் மாமா. மன்னிச்சிருங்க.”

மன்னிப்பு... அவள் என்னிடம் கேட்டாள்! நானும், “அதனால என்னம்மா” என்றேன். சொன்னேன். இந்த வாய்தான் சொன்னது.

அந்த நிழல் படத்தை முந்தானைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அவளுடைய ஊர் முகவரி என்னிடம் இருக்கிறது. அளவாக அட்டை வெட்டி, ஒரு பெரிய உறையும் வாங்கி வைத்திருக்கிறேன். ‘ஆ’வை உள்ளே வைத்து ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. உறை மஞ்சளாகிவிட்டது. அனுப்பினால் அவளுக்கு அந்த முகம் கிடைத்துவிடும். கூடவே நான் யார் என்பதும் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறேன்.

அவனுக்கு இடது புருவத்தின் மேல் சின்னத் தழும்பு ஒன்று உண்டு. சிரிக்கும்போது கீழ் உதடு ஒரு பக்கமாகக் கோணும். சுருட்டை முடி காதை மறைத்திருக்கும். அவள் மறந்துவிட்டாள். எனக்கு மறக்கவில்லை.