ஓடிபி யாருக்கு வரும்?

இன்று பிப்ரவரி 2, காலை 11.40. பொதுக் கொள்கை முதுகலைக்கான விண்ணப்பக் கட்டுரை, 998 சொற்கள். அனுப்ப இன்றே கடைசி நாள்.

ஆறு வருடம் மென்பொருள் எழுதியவன் நான். கட்டுரையில் என் யோசனை இதுதான்: பட்டாதாரரின் செல்போனுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால்தான் அரசு கொள்முதல் நிலையத்தில் நெல் எடுக்க வேண்டும். விவசாயி பேரில் நெல் விற்கும் வியாபாரிகள் உள்ளே நுழைய முடியாது.

இன்று காலை அப்பாவின் நெல்லுக்குக் காவலாகக் கொள்முதல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் குவியல், என்னோடு பள்ளியில் படித்த கலாவுடையது. கட்டுரையைப் பெருமையாக அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

நெல்லைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: "நான் பண்றது கோயில் நெலம், குத்தகை. பட்டா சாமி பேர்ல இருக்கு. ஓடிபி யாருக்குடா வரும், சாமிக்கா?"

"உன்ன மாதிரி எத்தனை பேர் இருக்கப் போறாங்க?" என்றேன்.

"முதல்ல ஒங்கப்பாவக் கேளு."

போன் போட்டேன். எங்கள் நெல்லிலும் பாதி குத்தகை நிலத்தில் விளைந்ததாம். எனக்கு இன்றுதான் தெரிந்தது.

நல்லவேளை, கட்டுரையை இன்னும் அனுப்பவில்லை.

இனி செய்யப்போவது:

1. ஓடிபி பத்தியை மொத்தமாக அழிப்பது.
2. குத்தகைதாரருக்கு என்ன வழி என்று எனக்குத் தெரியாது, அதைப் படிக்கத்தான் வருகிறேன் என்று எழுதுவது.
3. திருத்திய கட்டுரையை இங்கே போட்டு, அனுப்பும்முன் சாயங்காலம் ஐந்து மணிவரை இதைப் படிக்கும் உங்களிடமும் திட்டு வாங்குவது. ஆரம்பிக்கலாம்.