மரகதம் டீச்சரின் சனிக்கிழமைகள்

சென்ற புதன்கிழமை மாலை, பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கமாக மரகதம் டீச்சர்தான் பேசுவார். அன்று அவருடைய மகன். "ஆன்ட்டி, அம்மா ராத்திரி தூக்கத்துலேயே போயிட்டாங்க" என்றான். நான் மேசையிலிருந்த கொப்பியைத் திருத்தி முடித்தேன். என்ன திருத்தினேன் என்று இப்போதும் தெரியாது.

அவரிடம் படித்தவர்கள், அவரோடு படிப்பித்தவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். அவர் எப்படிப் படிப்பித்தார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் எழுத விரும்புவது, அவர் பதுளையைவிட்டுப் போன விதத்தை.

நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டவள். ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலி. அவர் ஓய்வு பெற்ற கையோடு மகன் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டான். விசா வந்த அன்று என்னிடம் வந்து, "டீச்சர், சனிக்கிழமையெல்லாம் எனக்கு வேணும். இந்த டவுனைத் தின்னுட்டுத்தான் போகப்போறேன்" என்றார்.

"உங்களுக்கு விசரே? சுகர் இருக்கெல்லோ!" என்று கத்தினேன்.

"சுகரும் எங்கூடத்தானே கனடா வருது. அதுவும் திங்கட்டும்."

அப்படியே தின்றார். பஜாரில், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் கடையில் இனிப்பு வட்டிலப்பம். சந்தையில் வெலிமடைக் கரட்டை வாங்கி, சேலைத் தலைப்பில் மண்ணைத் துடைத்து நடுத்தெருவில் கடிப்பார். நான் யாரோ எவரோ போலத் தள்ளி நடப்பேன். ஒரு சனிக்கிழமை, அப்புத்தளையில் பனி பார்க்க வேண்டும் என்று ரயில் கோச்சியில் கூட்டிப்போனார். அன்றைக்கென்று பளிச்சென்று வெயில். ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து பனி வரும்வரை நகரமாட்டேன் என்றார். பின்னேரம் பனி இறங்கி எதிரிலிருந்த கடைகளை மூடியபோது, "ம், இப்ப போகலாம்" என்று எழுந்தார். எனக்குச் சளி பிடித்தது.

இந்த அவசரம் எதற்கு என்று நானாவின் கடையில் ஒருநாள் கேட்டேன். அப்போதுதான் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலம். அண்ணன் குடும்பம் பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறியது. போகிறவர்களும் நிற்கிறவர்களும் ஒப்பாரி வைத்து அழுததில், அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டிப் பொட்டலம் மேடையிலேயே கிடந்துவிட்டது. அண்ணன் திரும்பி வரவேயில்லை.

"எங்கண்ணன் அழுதுகிட்டே போச்சு. நான் தின்னுகிட்டே போவேன். அப்படிப் போனா திரும்பி வந்துரலாம்னு எனக்கு ஒரு எண்ணம், டீச்சர்" என்றார்.

அதில் ஒரு நியாயமும் இல்லை. ஆனாலும் நான் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது.

புறப்பட்ட காலையில், தோட்டத்திலிருந்து சொந்தக்காரர்கள் அழுவதற்கென்றே தயாராக ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள். டீச்சரோ ஒரு கூடை நிறைய உளுந்து வடையோடு வந்தார். அவருடைய மதினி, "என் தாயே" என்று குரலெடுத்ததுதான் தாமதம், ஒரு வடை வாய்க்குள் போனது. "அழுவாதீங்க மதினி, மென்னு முழுங்குங்க!" எல்லார் கன்னமும் உப்பியிருந்தது. நான் முகத்தைத் திருப்பியதைக் கண்டுபிடித்து எனக்கும் ஒன்றைத் திணித்தார். கோச்சி நகர்ந்தபோது ஒருவராலும் பேச முடியவில்லை. ஜன்னலில் அவர் மட்டும் சிரித்துக்கொண்டு போனார்.

கனடாவிலிருந்து முதலில் பேசியபோதே பதுளையில் மழையா என்றுதான் கேட்டார். அங்கே சாப்பாடு எப்படி என்றேன். "இங்க எல்லாம் கிடைக்குது டீச்சர். வடை, வட்டிலப்பம்கூட இருக்கு. பசிதான் எடுக்க மாட்டேங்குது" என்றார். சித்திரையில் வருவதாகச் சொன்னார். நான் சனிக்கிழமைகளைக் காலியாக வைத்திருந்தேன்.

அவருடைய இறுதிக்கிரியையை நானா கடையின் மூலை மேசையில் இருந்து போனில் பார்த்தோம். மதினியும் வந்திருந்தார். சின்ன மண்டபம், கறுப்புக் கோட்டுப் போட்ட கொஞ்சப் பேர். மதினி அழுதார்; இந்த முறை அவர் வாயை அடைக்க ஆளில்லை. நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர் சொன்னா வரத்தானே செய்வாங்க" என்றார். எனக்கு மரகதம் டீச்சரோடு கோபம் கோபமாக வந்தது. சொன்னபடி தின்றீர்களே, சிரித்தீர்களே, பிறகு ஏன் வரவில்லை?

நேற்றுச் சனிக்கிழமை. கால்கள் ஸ்டேஷனுக்குத்தான் போயின. வெளிநாட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்துத் தாய் அழுதுகொண்டிருந்தாள். வடைக்காரனிடம் வாங்கிப்போய் இருவர் கையிலும் கொடுத்தேன். "சூடாயிருக்கு, சாப்பிடுங்கோ. சாப்பிட்டுப் போனால் திரும்பி வரலாம்" என்றேன். டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பொய்தான். அதை இனி நான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பெண் கண்ணீரோடு கடித்தாள். தாயும் கடித்தாள். எனக்கென்று வாங்கிய வடை, கோச்சி போன பிறகும் கையில் அப்படியே இருந்தது.