தையலம்மாவின் நாடா

கேட்டது கிடைத்தவர்கள் கடவுளை நம்புவதில் வியக்க ஒன்றுமில்லை. உயிரைக் கொடுத்துக் கேட்டும் கிடைக்காமல் போனவர், மறுநாள் காலையில் யாரிடம் பேசுவார்?

நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார் தையலம்மா. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தாலும் பல்தான். நோயாளிகள் போடுகிற அங்கியை நான்காக மடித்து, மடிப்பின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு வரி முணுமுணுக்கிறார்: "இதைப் போட்டுக்கறவங்க நடந்தே வீட்டுக்குப் போகணும், பெரியவரே." பிறகு அடுத்த அங்கி. நாற்பது அங்கி தைத்தால் நாற்பது தடவையும் அதே வரி, அதே உள்ளங்கை.

பெரிய மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் இருக்கிறது அந்தச் சலவைக்கூடம். சுவரோரம் தையலம்மாவின் மேசை. எதிரே மூன்று ராட்சதத் துவைக்கும் இயந்திரங்கள். அவற்றைப் பார்த்துக்கொள்கிறவர் மெஷின்காரர். சோப்பையும் கொதிநீரையும் தவிர வேறெதையும் நம்பாதவர். கடவுளைத் தையலம்மா 'பெரியவர்' என்றுதான் சொல்வார், பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் மேலதிகாரியைச் சொல்வதுபோல. மெஷின்காரருக்கு அதில் தினமும் ஒரு கிண்டல் உண்டு.

"என்னம்மா, லைன் கிடைச்சுதா?"

"அவருக்கு எப்பவும் வேலைதான் அண்ணே. நான் சொல்லிட்டு வச்சிடுவேன்."

"பதிலே பேசாத ஆள்கிட்ட இருபது வருஷமா பேசறியே, அலுக்கல?"

"உங்க மெஷின் மட்டும் பதில் பேசுதாக்கும்? நேத்து 'சுத்துடி கண்ணு, இன்னும் ஒரே ஒரு லோடு'ன்னு கொஞ்சினது யாரு?"

மெஷின்காரர் சோப்புத் தூள் டப்பாவைத் தேடுகிற சாக்கில் நகர்ந்துவிடுவார்.

தையலம்மாவைச் சாந்த சொரூபி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நாற்காலியை ஒரு சாண் நகர்த்தி வைத்தாலே அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். இஸ்திரி போடுகிற பெண் மறந்துபோய் டீ டம்ளரை அவர் மேசையில் வைத்தால் தொலைந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக் கூடம் முழுவதும் தேடுவார். எடுத்துக் கொடுத்தவர்மேலேயே கோபித்துக்கொள்வார். ஆனால் அங்கிக்கு நாடா தைப்பதில் அவர் கை பிசகாது. முதுகுப்பக்கம் கட்டுகிற நாடா அது. நோயாளிக்கு மூச்சு முட்டினால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு நிற்க நர்ஸுகளுக்கு நேரமிருக்காது. முன்பக்கம் பிடித்து ஒரே இழுப்பு. நாடா தையல் விட்டு வந்துவிட வேண்டும். அதற்கு மூன்று தையல், மேலே ஒன்றுகூடக் கூடாது.

போன வருஷம் அவருடைய தம்பியை மூன்றாம் மாடியில் சேர்த்தார்கள். பெற்றவர்கள் போனபின் அக்கா தோளில் போட்டு வளர்த்த தம்பி. லாரி ஓட்டுகிறவர், அக்காவைவிட ஒன்றரை அடி உயரம். அக்காவுக்கு அப்போதும் அவர் 'குட்டிப்பையன்'தான். கல்லீரல் கெட்டுப் போயிருந்தது.

யார் போடப்போகிறார்கள் என்று தெரியாமலே அத்தனை வருஷம் தைத்தவர், முதல் தடவையாக ஒரு அங்கியைத் தேர்ந்தெடுத்தார். நைந்து போகாத துணி. தம்பியின் லாரி நீலம் என்பதால் நீல நூல். மூன்று தையல் போட வேண்டிய இடத்தில் நெருக்கி நெருக்கிப் பதினைந்து போட்டார். ஒரு தடவை சொல்கிற வரியை அன்று எத்தனை தடவை சொன்னாரோ, மெஷின்காரர் இரண்டு லோடு துவைத்து முடித்த பிறகும் அந்தக் கை மடிப்பின்மேலேயே இருந்தது. தானே மாடிக்கு எடுத்துப்போய்த் தம்பிக்கு மாட்டிவிட்டார்.

"கழுத்துல உறுத்துதுக்கா."

"உறுத்தட்டும்டா குட்டிப்பையா. கெட்டியா இருக்கும்."

அன்று மதியமே தம்பிக்கு மூச்சு நின்றது. தையலம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். நர்ஸ் அங்கியைப் பிடித்து இழுத்தார். நாடா விடவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். பிறகு யாரோ கத்தரிக்கோலை நீட்ட, மார்புப் பக்கம் வெட்டித் திறந்தார்கள். நெடுநேரம் முயன்றும் தம்பி திரும்பவில்லை. நாடாவால் எதுவும் ஆகிவிடவில்லை, அதற்கு முன்பே கை மீறிவிட்டது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். தையலம்மா தலையை ஆட்டினார். காதில் வாங்கினாரா என்று சொல்ல முடியாது.

மறுநாள் அழுக்கு மூட்டையைப் பிரித்த மெஷின்காரர் நீல நூலைப் பார்த்ததும் நின்றார். வெட்டுப்பட்ட அங்கி தரை துடைக்கிற துணியோடு சேர வேண்டும் என்பது அங்கே விதி. அவருக்குக் கை வரவில்லை. தனியாகத் துவைத்துக் காயவைத்துத் தன் அலமாரியில், ரப்பர் கையுறைகளுக்கு அடியில் வைத்தார்.

பதினைந்து நாள் கழித்துத் தையலம்மா வேலைக்குத் திரும்பினார். தைத்தார், பல்லால் நூலைக் கடித்தார், மடித்தார். உள்ளங்கை மடிப்பின்மேல் போய் நின்றது. உதடு அசையவில்லை. கை திரும்பி வந்து அடுத்த அங்கியை எடுத்தது.

முதல் நாள் மெஷின்காரர் அதைக் கவனிக்காததுபோல் இருந்தார். மூன்றாம் நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தான் துளியும் நம்பாத ஒன்று நின்றுபோனதற்குத் தனக்கு ஏன் இப்படி ஆகிறது என்று அவருக்கே விளங்கவில்லை. அங்கிகள் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் மேலே போய்க்கொண்டிருந்தன. ஆறாம் நாள் காலை, மாடிக்கு ஏற்றத் தயாராக இருந்த தள்ளுவண்டியை மறித்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். அடுக்கின் உச்சியில் ஈரக்கையை வைத்தார்.

"இதைப் போட்டுக்கறவங்க... அடியில இருக்கறதையும் சேத்துத்தான் சொல்றேன்... எல்லாரும் நடந்தே வீட்டுக்குப் போகணும்."

"மொத்தமா சொன்னா எப்படி அண்ணே? ஒண்ணொண்ணா சொல்லணும்."

பின்னால் தையலம்மா நின்றுகொண்டிருந்தார்.

மெஷின்காரர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "வேலை பாக்கி கிடக்கேன்னுதான்..."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. பொதுவா சொல்லி வச்சேன்."

தையலம்மா சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். மெஷின்காரர் பக்கத்தில் நின்றார். அவருக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அதுதான்.

"பெரியவரு இல்லன்னு நான் நினைக்கல அண்ணே. இருக்காரு. அதான் அவர்கிட்ட பேசல," என்றார் தையலம்மா. "எவ்ளோ கெட்டியா தைச்சேன். எவ்ளோ கெட்டியா கேட்டேன்."

மெஷின்காரர் போய் அலமாரியைத் திறந்தார். கையுறைகளுக்கு அடியிலிருந்து அந்த அங்கியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். "வீட்டுக்குக் கொண்டு போறதுன்னா கொண்டு போம்மா. கேட்டா நான் சொல்லிக்கறேன்."

அரை நாள் அது தையலம்மாவின் மடியிலேயே கிடந்தது. அன்று அவர் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. மேசைப் பக்கம் யாரும் டம்ளரோடு வரவில்லை.

மதியத்துக்கு மேல் அவர் செய்ததற்குக் காரணம் இன்றுவரை சொன்னதில்லை. மெஷின்காரரும் கேட்டதில்லை. வெட்டுப்பட்ட மார்புப் பக்கத்தை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்தார். நீலத் தையல்களை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். வெள்ளை நூலில் நாடாவை வைத்து மூன்று தையல் போட்டார். அங்கியின் முன்பக்கத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். நாடா கையோடு வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதே இடத்தில் மறுபடியும் மூன்றே தையல் போட்டார். பல்லால் நூலைக் கடித்தார், மடித்தார், உள்ளங்கையை வைத்தார்.

இயந்திரங்கள் மூன்றும் சுற்றிக்கொண்டிருந்ததால் மெஷின்காரருக்கு ஒன்றும் கேட்கவில்லை. உதடு அசைந்ததைத்தான் பார்த்தார். பிறகு தையலம்மா எழுந்து தள்ளுவண்டிக்குப் போய், மூன்றாம் மாடிக்கான அடுக்கை விலக்கி, அந்த அங்கியை நடுவில் செருகினார்.