சாம்பல் நிறத்தில் ஒரு வேண்டாம்

பெயிண்டருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வீட்டுக்காரர்களிடம் தலையாட்டிவிடுவார். ஒரு வீட்டில் கதவு, இன்னொரு வீட்டில் பாதிச் சுவர் என்று முடித்துவிட்டு, மூன்றாவது வீட்டுக்காரர் தெருவில் எதிரே வந்தால் சந்துக்குள் நுழைந்து போய்விடுவார்.

கல்யாணத்துக்கு முன்பும் இதே கதைதான். ஒரு பெண்கள் விடுதியின் மாடிப்படிக் கைப்பிடிக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாத பெண் ஒருத்தி அதைப் பிடித்தபடி மேலேயிருந்து இறங்கி வந்தாள். தொடாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. அவள் கடைசிப் படியில் நின்று உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"பரவால்லைங்க, நான் மறுபடி அடிச்சுக்கிறேன்."

அவள் சிரித்த சிரிப்பில் அவர் அங்கேயே விழுந்துவிட்டார். அந்தக் கைப்பிடிக்கு மேலும் இரண்டு தடவை பச்சை அடித்தார், தேவையே இல்லாமல்.

இப்போது முழங்கால் ஏணிக்கு இடம் கொடுப்பதில்லை. ஜன்னல், கேட் மாதிரி தரையில் நின்று செய்கிற வேலை மட்டும்தான். அவள் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்கிறாள். ஒரு நிறுவனம் பல தொழில்காரர்களிடம் எடுத்த பேட்டிகளை ஒலிப்பதிவாக அனுப்பும். கேட்டு, வார்த்தை மாறாமல் அடித்துக் கொடுக்க வேண்டும். பேசுகிறவர் இழுத்த ‘ம்’ கூட விடக்கூடாது. திரையில் இருப்பதை அவளுக்கு வாசித்துக் காட்டக் கம்ப்யூட்டருக்குள் ஒரு குரல் உண்டு. தகரத்தில் கல்லை உருட்டின மாதிரி ஓர் ஆண் குரல். அதன் வேகத்தை அவள் எவ்வளவு கூட்டி வைத்திருந்தாள் என்றால், இத்தனை வருஷத்தில் அது பேசிய ஒரு வார்த்தையும் அவருக்குப் புரிந்ததில்லை.

"என்னவாம் மச்சினனுக்கு, காலையிலேயே கத்துறான்?" என்பார். உடன்பிறந்தவர்கள் இல்லாத அவளுக்கு அந்தப் பேச்சு பிடிக்கும்.

அன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். டீயை மேஜையில் வைக்கப் போனவர் திரையைப் பார்த்தார். உங்கள் கணினிக்குப் புதுப்பித்தல் தயாராக உள்ளது, தயவுசெய்து இப்போதே புதுப்பிக்கவும் என்று நின்றிருந்தது. பல நாளாக அவர் பார்க்கிற வாசகம்தான். அவள் ஒவ்வொரு தடவையும் பிறகு பிறகு என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். வாசலில் கைகட்டி நிற்கிற ஆளைத் தினமும் திருப்பி அனுப்புகிற மாதிரி இருந்தது அவருக்கு. தயவுசெய்து என்று வேறு சொல்கிறது. அழுத்திவிட்டார்.

அவள் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள். விசையைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"என்னங்க, சத்தமே இல்லையே. கரண்ட் போயிடுச்சா?"

"இல்லம்மா. புள்ளி புள்ளியா சுத்துது."

"என்ன சுத்துது?"

"அது பாவம் எத்தனை நாளா கேட்டுட்டு இருந்துச்சு..."

அவள் ஈரத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பேட்டி ஒன்றை அடித்து முடித்திருந்தாள். சரிபார்த்து மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். போன் செய்து கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொன்னால் என்ன என்று கேட்டார்.

"மத்தவங்க சொன்னா கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். நான் சொன்னா, கண்ணு தெரியாதவளுக்கு வேலை கொடுத்தோம் பாரு, அதான் தப்புன்னு அர்த்தம். அந்த கம்பெனி மேடம் எனக்காக எல்லார்கிட்டயும் பேசி வாங்கிக் கொடுத்த வேலைங்க இது. ஒரு நாள் கூட நேரம் கேட்டதில்ல நான்."

மதியம் திரை வந்தது. ஆனால் குரல் வரவில்லை. அவள் எந்த விசையை அழுத்தியும் அசையவில்லை.

"உட்காருங்க. நீங்கதான் இன்னைக்கு மச்சினன். என்ன எழுதியிருக்கு?"

"வரவேற்கிறோம். இன்னும் சில படிகள்தான். உங்க படமெல்லாம் பத்திரமா வெச்சுக்கட்டுமான்னு கேக்குது."

"வேண்டாம்னு சொல்லுங்க."

"நல்லாத்தான் கேக்குது..."

"வேண்டாம்!"

"வேண்டாம்னு ஒண்ணும் போடலையேம்மா. சரின்னு மட்டும்தான் இருக்கு. நீலக் கட்டம். நல்ல நீலம், ரெண்டு கோட் அடிச்ச மாதிரி."

"இருக்கும். தேடுங்க."

"எங்க?"

"நான் பார்த்தேனா? மச்சினன் சரின்னு சொல்லுவான், அடுத்த தட்டுல வேண்டாம்னு சொல்லுவான். எனக்கு ரெண்டும் ஒரே சத்தம்."

பெயிண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, வெளிச்சம் திரையில் சாய்வாக விழுகிற மாதிரி தலையைச் சாய்த்தார். சுவரில் விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிக்க அவர் பார்க்கிற பார்வை அது.

"அடப்பாவி."

"என்ன?"

"இருக்கு. கீழ மூலையில, வெள்ளைச் சுவர்ல வெளுத்த சாம்பல் தொட்டு விட்ட மாதிரி. கட்டம் கூட கிடையாது. வேணும்னே அடிச்சிருக்கான் பாரு, கண்ணுல படக்கூடாதுன்னே."

"அழுத்துங்க."

அழுத்தினார். அடுத்தது வந்தது. போனை இணைக்கட்டுமா என்றது. நீலத்தை விட்டுவிட்டுச் சாம்பலைத் தேடினார். அதற்கடுத்ததில் சாம்பல் மேலே ஏறி ஒளிந்திருந்தது. அதையும் பிடித்தார். தயவுசெய்து என்றது. "தயவாவது மண்ணாவது" என்று அழுத்தினார். அவள் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

கடைசியில் வழக்கமான திரை வந்தது. அவள் விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். குரல் வந்தது, ஆனால் அவனில்லை. யாரோ ஒரு பெண், தேன் தடவின தொண்டையில் நிதானமாக வணக்கம் சொன்னாள். வேகத்தைக் கூட்டினால் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன.

"பழக ஒரு வாரம் ஆகும்," என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "நீங்க வாசிங்க. நான் ஒலிப்பதிவோட ஒத்துப் பாக்குறேன்."

அது ஒரு படகோட்டியின் பேட்டி. புயலில் படகு கவிழப்போன இடம் வந்ததும் பெயிண்டர் குரலை உயர்த்தினார்.

"நடிக்காதீங்க. எழுத்தை மட்டும் சொல்லுங்க."

"அப்புறம் அலை வந்துச்சு, நான் கயித்தை விடல..."

"அலை வந்துச்சுக்கு அப்புறம் ஒரு ‘ம்’ அடிச்சேனே, எங்க அது?"

"அவர் சும்மா யோசிக்கிறார்மா."

"அந்த யோசிச்சதுக்கும் சேர்த்துத்தான் எழுதணும்."

அதற்குப் பிறகு எல்லா ‘ம்’மையும் வாசித்தார். வாசிக்கும்போது தலையையும் ஆட்டினார்.

ஐந்தாக இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. நாலு பக்கம் பாக்கி. போன் அடித்தது. அந்த மேடம். அவள் முகம் இறுகியது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, மெயில் பாக்கலையா நீ? அந்த அப்டேட்டுல இங்க ஒருத்தர் சிஸ்டமும் ஓடல. ஒருத்தருக்கு பிரிண்டர் காணோம், என்னோடது திறக்கவே மாட்டேங்குது. எல்லாருக்கும் நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் தள்ளிட்டோம். உனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கும் போச்சு மேடம்," என்றாள். "குரலே போச்சு."

"அப்படியா! எல்லாரும் ஒரே படகுலதான் போ. மெதுவா அனுப்பு."

போனை வைத்த பிறகும் அதைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

"எல்லாருக்கும் போச்சாங்க," என்றாள். "மேடத்துக்குக் கூட!"

ஏதோ நல்ல சேதி வந்த மாதிரி சொன்னாள். பெயிண்டருக்கும் தைரியம் வந்தது.

"அப்ப நான் அழுத்தலைன்னா?"

"எனக்கு மட்டும் போகாம இருந்திருக்கும்."

"அப்ப நான் செஞ்சது நல்லதுதானே?"

"ரொம்பப் பேசாதீங்க," என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால். "நாலு பக்கம் இருக்கு. படிங்க."

"நாளைக்குத்தானே கேட்டிருக்காங்க?"

"அது அவங்க. நான் இன்னைக்குக் கொடுத்துடுவேன்."

அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, விட்ட இடத்தை விரலால் தொட்டார்.

"ம்," என்று வாசித்தார்.