எல்லை மரத்து முந்திரியும் சண்டை கேமும்

பெரம்பலூரில் என் பெயர் எழுதிய டிப்பர் லாரிகள் ஆறு ஓடுகின்றன. எட்டாவதில் பெயிலானவன் சம்பாதித்தவை. எம்.ஏ. படித்தவர்கூட என்னிடம் வந்து நின்றுதான் பேசுவார். அப்பேர்ப்பட்டவனை என் வீட்டுக்காரி மட்டும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பாள்.

"ஏங்க, இவன் செல்லுல சுட்டுக்கிட்டே கெடக்கான். நேத்து சாப்பிடக் கூப்பிட்டா, எம்மேலயே எரிஞ்சு வுழறான். நாளைக்கு யாரையாவது அடிச்சுப்புட்டான்னா?"

இவன் என்றால் எங்கள் மகன். பத்தாவது படிக்கிறான். அந்த விளையாட்டு ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. அவனை நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் சண்டை கேம் என்றாலே எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிடுகிறது.

எங்கள் ஊர் ஆண்டிமடத்துப் பக்கம். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பாவும் பெரியப்பாவும் முந்திரிக்காட்டைப் பாகம் பிரித்தார்கள். காடு பிரிந்துவிட்டது, நடுவில் நின்ற ஒரு மரம் மட்டும் பிரியவில்லை. ஒருநாள் கொட்டை எங்களுக்கு, மறுநாள் அவர்களுக்கு என்று பெரியவர்கள் கூடி முறை வைத்தார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. பெரியப்பா மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவனோடு பேசினால் காலை ஒடித்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார்.

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருவர் டிவி வைத்து வீடியோ கேம் கடை போட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் பஸ்ஸில் முன்பக்கம் ஏறுவேன், அந்த அண்ணன் பின்பக்கம் ஏறுவான். வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள். கடைக்குள் போனதும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள். டிவியில் இரண்டு தடியன்கள் தெருவில் வருகிறவனையெல்லாம் உதைத்துக்கொண்டே போவார்கள். ஒருவன் நான், ஒருவன் அவன். அந்த வட்டாரத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கடைக்காரரே சொல்வார்.

அதற்குக் காசு அந்த எல்லை மரத்திலிருந்து வந்தது. மத்தியான நேரத்தில் ஆளுக்கொரு பக்கமாகப் போவோம். யோசனை என்னுடையதுதான். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு, பழத்தை நான் அவர்கள் காட்டுக்குள் வீசிவிடுவேன், அவன் எங்கள் காட்டுக்குள் வீசிவிடுவான். எங்கள் பக்கம் தடயமே இருக்காதல்லவா! அந்தப் புத்திசாலித்தனத்தை எண்ணி நான் பூரித்துப்போயிருந்தேன்.

பெரியப்பா காட்டில் கொட்டையில்லாத பழங்களைப் பார்த்த அப்பா, தன் அண்ணன்தான் திருடுகிறார் என்று முடிவுகட்டினார். எங்கள் காட்டில் கிடந்ததைப் பார்த்த பெரியப்பாவும் தம்பியைப் பற்றி அப்படியே நினைத்தார்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் மரத்தடியில் மோதிக்கொண்டார்கள்.

"அண்ணனாச்சேன்னு பாக்குறேன். இல்லன்னா நடக்குறதே வேற."

"ஒண்ணும் பாக்க வேணாம், வாடா. திருட்டுப் பயலுக்கு மொறை என்ன வேண்டிக்கெடக்கு?"

அப்பா கையில் கிளை வெட்டுகிற அரிவாள் இருந்தது. பெரியப்பா கடப்பாரையை எடுத்துவிட்டார். டிவியில் ஐம்பது பேரை உதைத்த நான் ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன்தான் ஓடிப்போய் நடுவில் நின்றான்.

"சித்தப்பா, கொட்டைய எடுத்தது நாங்க சித்தப்பா. தம்பியும் நானும். கேமு ஆடறதுக்கு."

"என்ன கேமுடா?"

"சண்ட போடுற கேமு."

"அப்பன் போடுற சண்ட பத்தலைன்னு நீங்க வேற தனியா போட்டுக்கிறீங்களா?" என்று பெரியப்பா கத்தினார்.

"நாங்க போட்டுக்கலப்பா. நாங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம்."

அப்பா அரிவாளைக் கீழே போட்டார். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு முந்திரி விளாரை ஒடித்தார்கள். புதருக்குப் பின்னாலிருந்து என்னை இழுத்து வந்தார்கள். அதில்தான் எனக்குக் குழப்பம். அப்பா என்னைத் தொடவே இல்லை, அண்ணனை அடித்தார். பெரியப்பா தன் பிள்ளையை விட்டுவிட்டு என்னை அடித்தார்.

அடித்து முடித்து, என் காதைப் பிடித்துக்கொண்டு, பாகம் பிரித்த பிறகு முதல்முறையாகப் பெரியப்பாவே எங்கள் வீட்டுக்குள் வந்தார். "பிள்ளையா வளத்திருக்க?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா தட்டு வைத்து இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். குழம்பு ஊற்றும்போது அவள் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்தது.

எனக்குப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் போய் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கலம்மா, பெரியப்பா மெதுவாத்தான் அடிச்சாரு" என்றேன். அவள் முன்னைவிட அதிகமாக அழுதாள். இவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.